பட்டகோனியப் பாறையில் ஒரு சொடக்குத் தக்காளி

அவையோர் அனைவருக்கும் வணக்கம். அழிந்துபோன செடியை அடையாளம் காண இலை போதாதா, கனியை ஏன் தேடுகிறார்கள் என்று நண்பர் கேட்டார். இலை ஏமாற்றும், ஐயா. உறவே இல்லாத இரண்டு செடிகள் ஒரே மாதிரி இலை விடும். கனியில் அந்தக் குழப்பம் குறைவு.

அர்ஜென்டினாவின் பட்டகோனியாவில் லகுனா டெல் உன்கோ என்ற இடம் இருக்கிறது. 5 கோடியே 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அது எரிமலை வாயில் தேங்கிய ஏரி. அந்தச் சேற்றுப் பாறையில் இரண்டு கனிகள் தட்டையாக அழுந்திக் கிடைத்தன. 2017இல் தொல்தாவரவியலாளர் பீட்டர் வில்ஃப் குழுவினர் அவற்றுக்குப் பைசாலிஸ் இன்ஃபினிமுண்டி என்று பெயரிட்டார்கள். நம் வயல் வரப்பில் சிறுவர்கள் நெற்றியில் அடித்து வெடிக்கவிடும் சொடக்குத் தக்காளியும் அதே பைசாலிஸ் பேரினம்தான், அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் அதே குழு.

காற்றடைத்த பை என்பதற்காக மட்டும் அந்த முடிவுக்கு வர முடியாது. முடக்கொத்தானுக்கும் பை உண்டு. ஆனால் அங்கே பையே கனி. சொடக்குத் தக்காளியில் பை என்பது பூவின் புல்லிவட்டம், அதாவது பூவின் அடியில் இருக்கும் பச்சை மடல்வட்டம். காய் பிடித்தபின் ஊதிப் பெருத்து, உள்ளே இருக்கும் கனியை மூடிக்கொள்கிறது. பாறையில் ஐந்து மடல்களும் நரம்பு வலையும் தெரிகின்றன. ஒரு மாதிரியில் உள்ளிருந்த சதைக்கனி கரியாகவே எஞ்சியிருக்கிறது! எனக்கு மிகவும் பிடித்த சாட்சி அந்தக் கரித்துண்டுதான்.

இன்றைய செடிகளின் மரபணு வேறுபாடுகளை வைத்துப் போட்ட வயதுக் கணக்கோ பைசாலிஸ் பேரினத்துக்கு ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டு வயதுதான் கொடுத்திருந்தது. கல்லில் கிடைத்த கனி அதைப்போல ஐந்து மடங்கு மூத்தது. ஒன்று கணக்கு பிழை. இல்லையென்றால் பெயர் பிழை.

பெயரைச் சந்தேகிப்பவர்களுக்கும் நியாயம் உண்டு. அமுக்கராவின் கனியையும் இதே போன்ற உறைதான் மூடியிருக்கிறது. இவை இரண்டும் சேர்ந்த கத்தரிக் குடும்பத்தில் ஊதிய புல்லிவட்டம் பலமுறை தனித்தனியே தோன்றியிருக்கிறது. ஆகவே குடும்பத்தை நான் ஐயமின்றி ஏற்கிறேன். பேரினத்தை ஏற்கக் கொஞ்சம் தயங்குகிறேன். 2020இல் அதே இடத்துப் புதைபடிவங்களிலிருந்து பைசாலிஸ் ஹூனிக்கெனி என்ற இரண்டாவது இனமும் விவரிக்கப்பட்டுவிட்டது. அந்தக் குடும்பம் அவ்வளவு பழமையானதா என்ற கேள்விக்கு இப்போது சாட்சி ஒன்றல்ல, இரண்டு.