தவளைக்கு யார் பொறுப்பு?

நடுவர் ஐயாவுக்கும் அவைக்கும் வணக்கம். 2028 முதல் 2034 வரை ஆராய்ச்சிக்கு 17,500 கோடி யூரோ ஒதுக்கலாம்னு ஐரோப்பிய யூனியனோட நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் 2025 ஜூலையில முன்மொழிஞ்சிருக்கு. இங்க ஐரோப்பாவுல நாம கட்டுற வரியும் அதுல உண்டு. முதல் பங்கு அறிவுத் தேடலுக்கா, தொழில் போட்டிக்கா? தேடலுக்கே! என் வாதம் முடிஞ்சது. இனி அண்ணன் விஷயத்துக்கு வர்றேன்.

எதிரணி அண்ணன் என்ன சொன்னார்? "தவளையை மிதக்கவிட்டு விளையாடுறவனுக்குக் காசு குடுத்தா, ஐரோப்பா கிணத்துத் தவளையாத்தான் கிடக்கும்." நீங்க கை தட்டுனீங்க. நானும் தட்டினேன். ஆனா அண்ணே, கதையைப் பாதியிலேயே விட்டுட்டீங்களே!

நெதர்லாந்து, நைமேகன். ஆந்த்ரே கெய்ம்னு ஒரு இயற்பியலாளர். வெள்ளிக்கிழமை சாயங்காலம். நாமன்னா பையைத் தூக்கிட்டு வீட்டுக்குக் கிளம்புவோம். அவர் ஆய்வுக்கூடத்துப் பெரிய காந்தத்துக்குள்ள தண்ணியை ஊத்துறார்! நம்ம வீட்டு மிக்ஸி மோட்டார்ல ஒரு சொட்டு பட்டாலே அம்மா போடுற சத்தம் தெருவுக்குக் கேக்கும். தண்ணி கீழே விழலை. உருண்டையா அந்தரத்துல நிக்குது. தவளை உடம்புலயும் தண்ணிதானே? 1997-ல அதையும் உள்ளே விட்டார். மிதக்குது! அவர் தவளையைப் பார்க்கிறார், தவளை அவரைப் பார்க்குது. "யோவ், கிணத்துல நிம்மதியா இருந்தேனேய்யா!"

2000-ல சிரிப்புக்குக் குடுக்குற இக்நோபல் குடுத்தாங்க. அண்ணன் அங்கேயே இறங்கிட்டார், வண்டி இன்னும் போகுது. மான்செஸ்டர், 2004. அதே வெள்ளிக்கிழமைப் புத்தி. பென்சில்ல இருக்கிற கிராஃபைட்டுல செல்லோடேப்பை ஒட்டுறார், பிரிக்கிறார், ஒட்டுறார், பிரிக்கிறார். ஒரே ஓர் அணு தடிமன்ல கார்பன் படலம், அதுதான் கிராஃபீன்! கூட்டாளி நோவோசெலோவோட 2010-ல நிஜ நோபல். 2013-லதான் ஐரோப்பிய யூனியன் கிராஃபீனுக்கு 100 கோடி யூரோ திட்டம் தொடங்குது. டேப்பு முதல்ல வந்துச்சா, திட்டம் முதல்ல வந்துச்சா அண்ணே? கிணத்துத் தவளையை வெளியே தூக்கினதே எங்க அணி ஆளுதான்!

மணி அடிச்சுட்டீங்க ஐயா, ஒரே நிமிஷம்.

1985. ஹங்கேரியில கட்டலின் கரிக்கோங்கிற விஞ்ஞானி அம்மா. நம்ம செல்லுக்குள்ள புரதம் செய்யச் சேதி சொல்ற ஆர்.என்.ஏ.ங்கிற மூலக்கூறைப் பத்தி ஆராய்ச்சி பண்ணாங்க. அந்த ஆராய்ச்சிப் பணம் நின்னுபோச்சு. காரை வித்தாங்க. 900 பவுண்டு. ரெண்டு வயசு மகளோட கரடி பொம்மையைப் பிரிச்சு, பணத்தை உள்ளே வெச்சுத் தைச்சு, அமெரிக்காவுக்குப் போயிட்டாங்க. அப்போ ஹங்கேரி யூனியன்லயே இல்லையேன்னு அண்ணன் கேப்பார். இல்லதான், விடுங்க. அந்த அம்மா கண்டுபிடிச்சதை வெச்சுத்தான் கொரோனா தடுப்பூசி வந்துச்சு. 2023-ல நோபல். இந்த அரங்கத்துல எத்தனை கையில அந்த ஊசி ஏறியிருக்கு!

அந்தக் குழந்தை பொம்மையைக் கட்டிப்பிடிச்சுத் தூங்கியிருக்கும். உள்ளே அம்மாவோட மொத்த ஆராய்ச்சி நிதியும் இருக்குன்னு அதுக்கு என்ன தெரியும் ஐயா... வணக்கம்.