வீடு எரிந்த மறுநாள் துடைப்பத்தைத் தொடாதீர்கள்

[திரையில்: கரி படிந்த சமையலறை, தரையில் உருகிய மிக்ஸி ஜார்]

வணக்கம். தீ அணைந்து சில மணி நேரத்திலேயே பக்கத்து வீட்டுக்காரர்கள், சித்தி, மாமா எல்லோரும் வந்துவிடுவார்கள். இதையெல்லாம் பார்த்துக்கொண்டு பாவம் எப்படி உட்கார்ந்திருப்பார்கள் என்று ஆளுக்கொரு துடைப்பத்தை எடுத்துக் கூட்டிப் பெருக்கி, எரிந்த பிரிட்ஜைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். பாசம்தான், தப்பு சொல்ல முடியாது. ஆனால் உங்கள் இன்சூரன்ஸ் கிளைமில் பாதி அங்கேயே போய்விடுகிறது, ஏனென்றால் நஷ்டத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்க்கப்போவது அந்தச் சாம்பலைத்தான்.

சரி, பாலிசியே இல்லையே என்கிறீர்களா? வீட்டுக் கடன் இருந்தால் வங்கிக் காகிதங்களை ஒருமுறை புரட்டிப் பாருங்கள், கடனோடு சேர்த்து ஒன்றைத் தலையில் கட்டியிருப்பார்கள். அது கடன் வாங்கியவர் இறந்தால் மட்டும் பணம் தரும் பாலிசியா, வீட்டுக்கான தீ காப்பீடா என்று பார்க்க வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் வீடுகளுக்கென்று ஒரே விதிகளோடு வந்த பாலிசியின் பெயர் பாரத் கிருஹ ரக்ஷா. நான் இங்கே சொல்வதெல்லாம் அதை வைத்துத்தான்.

[திரையில்: டார்ச் வெளிச்சத்தில் எரிந்த ஸ்விட்ச் போர்டு]

மின் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள் என்று உறுதியான பிறகு மட்டும் உள்ளே போங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அன்றைக்கே போன் செய்து கிளைம் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள், காகிதங்கள் பிறகு வரட்டும். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது, தீயணைப்பு நிலையத்தில் அறிக்கைக்கு ஒரு மனு. அவ்வளவுதான், இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

வித்தை எல்லாம் போட்டோவில் இருக்கிறது. எதையும் நகர்த்துவதற்கு முன்னால் ஒவ்வொரு அறையையும் நான்கு மூலையிலிருந்தும் எடுங்கள், பீரோவைத் திறந்து உள்ளே எடுங்கள், வாஷிங் மெஷின் பின்னால் மாடல் நம்பர் ஸ்டிக்கர் பாதி எரிந்திருந்தாலும் அதைக் கிட்டத்தில் எடுங்கள். கூரை போய்விட்டது, மழை வருகிறது என்றால் தார்ப்பாய் போட்டு மூடலாம், மூடத்தான் வேண்டும். அந்த பில்லை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

அப்புறம் பட்டியல். பில் எல்லாம் எரிந்துபோச்சே என்றுதான் எல்லோரும் தலையில் கை வைக்கிறார்கள். வங்கி ஸ்டேட்மென்ட் இருக்கிறது, ஆன்லைனில் வாங்கியதற்கு ஆர்டர் விவரம் இருக்கிறது, பெரிய கடைகளில் உங்கள் போன் நம்பரைச் சொன்னால் பழைய பில்லை எடுத்துக்கொடுக்க வாய்ப்பு உண்டு. அதுவும் இல்லையா, தங்கையின் வளைகாப்பு வீடியோவைப் போட்டுப் பாருங்கள், எல்லோரும் வளையல் போடும்போது பின்னால் உங்கள் டிவி, சோபா, ஷோகேஸ் எல்லாம் வரிசையாக நிற்கும்! அதை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

[திரையில்: கையில் அட்டையோடு சர்வேயர்]

இன்சூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ 2024இல் சொன்ன கணக்குப்படி 24 மணி நேரத்தில் சர்வேயரை நியமிக்க வேண்டும், அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும், அது வந்து 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். சர்வேயர் "தீ எப்படிப் பிடித்தது?" என்று கேட்டால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள், ஊகிக்க வேண்டாம். ஷார்ட் சர்க்யூட் என்றாலே கிளைம் இல்லை என்று ஒரு பேச்சு உலவுகிறது, அது முழு உண்மை இல்லை. ஏசிக்குள் ஷார்ட் ஆகித் தீ பரவினால் அந்த ஏசிக்கு மட்டும்தான் பணம் கிடைக்காது. அதிலிருந்து பரவிய தீயில் எரிந்த கட்டில், அலமாரி, சுவர் எல்லாம் கணக்கில் வரும்.

கட்டிடத்துக்கு என்றால் திரும்பக் கட்ட ஆகும் செலவு, மனை விலை இதில் கிடையாது. கட்டிடத்துக்கும் பொருட்களுக்கும் சேர்த்து எடுத்திருந்தால் கட்டிடத்துக்கான காப்பீட்டுத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை வீட்டுப் பொருட்களுக்கு. பீரோவில் இருந்த ரொக்கம் போனது போனதுதான், நகைக்குத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். பழைய மாதிரி பாலிசிகளில் 40 லட்சம் பெறும் வீட்டை 20 லட்சத்துக்குக் காப்பீடு செய்திருந்தால் 4 லட்சம் நஷ்டத்துக்கு 2 லட்சம்தான் தருவார்கள். பாரத் கிருஹ ரக்ஷாவில் அந்த வெட்டு கிடையாது, எனக்கு இந்தப் பாலிசியில் மிகவும் பிடித்தது இதுதான். இடிபாடு அள்ள கிளைம் தொகையில் 2 சதவீதம் வரை, இன்ஜினியர் கட்டணத்துக்கு 5 சதவீதம் வரை உண்டு. வீடு சரியாகும் வரை வெளியே இருக்கும் வாடகையையும் பாலிசியில் பார்த்துக் கேளுங்கள், வாய் திறந்து கேட்டால்தான் வரும்.

சமையல் சிலிண்டர் வெடித்த கேஸா? கேஸ் ஏஜென்சிக்கும் உடனே எழுதிக்கொடுங்கள். எண்ணெய் நிறுவனங்கள் எடுத்து வைத்திருக்கும் காப்பீட்டில், கனெக்‌ஷன் பதிவான வீட்டின் சேதத்துக்கு 2 லட்சம் ரூபாய் வரை உண்டு, நீங்கள் பிரீமியமே கட்டியிருக்க வேண்டியதில்லை.

[திரையில்: கையெழுத்துக்கு நீட்டிய படிவம்]

தொகை குறைவு என்று தோன்றினால் கையெழுத்துப் போடுவதற்கு முன் சர்வே அறிக்கையின் நகலைக் கேளுங்கள், கேட்டால் தர வேண்டும். கம்பெனிக்கு எழுத்தில் புகார், ஒரு மாதம் பார்த்தும் பதில் இல்லை அல்லது பதில் சரியில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர், தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னையில். 50 லட்சம் ரூபாய் வரையான வழக்குகளைக் கேட்பார்கள், கட்டணம் இல்லை, கம்பெனி மறுத்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். வக்கீலை அங்கே உள்ளே விடுவதில்லை, நீங்களே அந்தக் கரி பிடித்த போட்டோக்களை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்து பேச வேண்டியதுதான்.