டிசம்பர் 16: நம் கரையிலிருந்து பார்க்கும்போது

எல்லோருக்கும் வணக்கம். நம் திருகோணமலையில் வாடை மழை மத்தியானத்திலிருந்து ஓயவில்லை. இந்த மழையிலும் குடை பிடித்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். மாணவர்கள் முன்வரிசையில் இருப்பது எனக்குப் பெரிய சந்தோசம். இன்று நான் பேசப்போகும் விஷயத்தை எனக்குத் தந்ததே ஒரு மாணவிதான்.

நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தில், காலைக் கூட்டத்தில் "இன்றைய நாளில்" என்று ஒரு பகுதி இருந்தது. யார் பிறந்தார், எந்தப் போர் தொடங்கியது, எந்த நாடு விடுதலை பெற்றது என்று ஐந்தாறு வரி. ஒவ்வொரு நாளும் ஒரு பிள்ளை வாசிக்கும். ஒருநாள் வாசித்து முடித்து இறங்கி வந்த ஒன்பதாம் தரத்துப் பிள்ளை என்னிடம் கேட்டாள்: "சேர், இதில எங்கட ஊர் ஒருநாளும் வராதா?"

அன்றைக்கு நான் அவளுக்குச் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இருக்கவில்லை. பிறகு வீட்டில் இருந்து, பட்டியலில் வரும் ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் கொஞ்சத் தூரம் போய்ப் பார்க்கத் தொடங்கினேன். அப்படிப் போகும்போது டிசம்பர் 16இல் வந்து நின்றுவிட்டேன். அந்த நாளில் பிறந்த இரண்டு பெரிய எழுத்தாளர்களின் கதை நம் ஊர்க் கரைக்கு வந்து சேர்கிறது. ஒன்று எஸ்பிளனேட் பழைய சேமக்காலைக்கு, அதாவது கல்லறைத் தோட்டத்துக்கு, மற்றது கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலையின் அடியில் இருக்கும் கடலுக்கு.

அதற்கு முன், நாள் என்பதைப் பற்றி ஒரு சொல். நம் அம்மம்மாமாருக்குப் பிறந்தநாள் என்றால் மாதமும் நட்சத்திரமும்தான். பெரும்பாலான ஆண்டுகளில் டிசம்பர் 16 நமக்கு மார்கழி முதலாம் நாள். திருவெம்பாவையோ அதையும் பாராமல் திருவாதிரையைப் பார்த்துத் தன் பத்து நாளை எண்ணிக்கொள்ளும். விடியற்காலையில் சங்கும் சேமக்கலமும் தெருவில் வரும்போதுதான் நமக்கு அந்த நாள்கள் பிறக்கின்றன. ஐரோப்பாவிலும் கதை அவ்வளவு நேரானதல்ல. இசைமேதை பேத்தோவன் 1770ஆம் ஆண்டு டிசம்பர் 17இல் ஞானஸ்நானம் பெற்றதற்குத்தான் பதிவு இருக்கிறது. பிறந்தது அதற்கு முந்தின நாள் என்பது ஒரு கணிப்பு. ஓவியர் கண்டின்ஸ்கி 1866இல் மொஸ்கோவில் பிறந்தபோது அங்கே நாட்காட்டி டிசம்பர் 4 என்று காட்டியது. மற்றப் பல நாடுகளில் அன்று 16. ஆகவே நாள் என்பது நாம் போட்டுக்கொள்ளும் ஒரு முடிச்சு. அந்த முடிச்சிலிருந்து கயிறு எங்கே போகிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

சரி, ஜேன் ஆஸ்டினுக்கு வருவோம்.

1775ஆம் ஆண்டு. இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் பகுதியில் ஸ்டீவன்டன் என்ற சிறிய கிராமம். அங்கே பாதிரியாராக இருந்தவர் டிசம்பர் 17ஆம் திகதி உறவினருக்குக் கடிதம் எழுதுகிறார். ஒரு மாதத்துக்கு முன்பே எதிர்பார்த்த குழந்தை நேற்றிரவுதான் பிறந்தது, பெண் குழந்தை, அக்காவுக்கு இப்போது விளையாட்டுப் பொருள், பின்னால் துணை என்று அந்த அப்பா எழுதினார். அவர் சொன்னபடியே நடந்தது. அக்கா கசாண்ட்ராவும் தங்கை ஜேனும் கடைசிவரை திருமணம் செய்யாமல் ஒருவருக்கொருவர் துணையாக இருந்தார்கள். ஜேன் எழுதிய நாவல்கள் அவர் உயிரோடு இருந்தவரை அவர் பெயரில் வெளிவரவில்லை. "ஒரு பெண்மணி எழுதியது" என்றுதான் முதல் நாவலின் முகப்பில் இருந்தது. 41 வயதில், 1817 யூலை 18இல் இறந்தார். உலகம் அவரைக் கொண்டாடியதெல்லாம் அதற்குப் பிறகுதான். 2025இல் அவர் பிறந்து 250 ஆண்டு நிறைந்தது.

அந்த வீட்டில் எட்டுப் பிள்ளைகள். ஜேன் ஏழாவது. கடைக்குட்டி தம்பி சார்ள்ஸ், 1779இல் பிறந்தவர். பன்னிரண்டு வயதிலேயே கடற்படைப் பள்ளிக்குப் போய்விட்டார். அந்தக் காலத்தில் எதிரிக் கப்பலைப் பிடித்தால் மாலுமிகளுக்குப் பங்குப் பணம் கிடைக்கும். 1801இல் அப்படி 30 பவுண் கிடைத்ததும் சார்ள்ஸ் செய்த முதல் வேலை, இரண்டு அக்காமாருக்கும் தங்கச் சங்கிலியும் புஷ்பராகக் கல் பதித்த சிலுவையும் வாங்கியது. ஜேன் அதைப் பற்றி அக்காவுக்கு எழுதுகிறார்: கப்பல் பிடித்து என்ன பயன், கிடைத்த காசையெல்லாம் அக்காமாருக்குப் பரிசு வாங்கியே முடிக்கிறான், அவனுக்கு நல்ல ஏச்சுக் கொடுக்க வேண்டும் என்று. இதை வாசித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. நம் வீடுகளிலும் வெளிநாட்டில் இருக்கிற தம்பி முதல் சம்பளத்தில் சங்கிலி அனுப்பினால், அக்கா இப்படித்தானே ஏசுவாள்? ஏச்சு முழுவதும் அன்புதான். அந்த இரண்டு சிலுவைகளும், ஜேன் கடைசிக் காலத்தில் வாழ்ந்த சோட்டன் வீட்டில், இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் அதே வீட்டில், பத்திரமாக இருக்கின்றன.

அந்தத் தம்பி வளர்ந்து, ரியர் அட்மிரல் ஆகி, 1850இல் கிழக்கிந்தியக் கடற்படைப் பிரிவின் தளபதியாக வந்தார். அந்தப் பிரிவுக்கு நம் உள்துறைமுகம்தான் முக்கியமான தளம். இரண்டாவது பர்மியப் போர் நடந்துகொண்டிருந்தது. ஐராவதி ஆற்றில், புளூட்டோ என்ற நீராவிக் கப்பலில், வாந்திபேதி கண்டு 1852 ஒக்டோபர் 7ஆம் திகதி சார்ள்ஸ் இறந்தார். வயது 73. அவரை அடக்கம் செய்தது இங்கே, நம் ஊரில். ஜேன் இறந்து 35 ஆண்டு கழித்து, அவர் ஏசிய தம்பி நம் எஸ்பிளனேட் சேமக்காலையில் வந்து படுத்தார்.

அந்தச் சேமக்காலை மதிலோரம் நான் எத்தனை வருடம் சைக்கிளில் போயிருக்கிறேன் என்று கணக்கில்லை. உள்ளே யார் இருக்கிறார் என்று தெரிந்த பிறகு, முதல் முறை மதிலடியில் சைக்கிளை நிறுத்தினேன். சைக்கிளில் போகிற பிள்ளைகளே, நீங்களும் ஒருதரம் நிறுத்திப் பாருங்கள்.

இங்கே ஒரு சின்ன இடைச்செருகல். ஜேன் இறந்த அதே 1817இல், மூன்று மாதம் கழித்து, பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டிய ஒரு போர்க்கப்பலைக் கடலில் இறக்கினார்கள். அதன் பெயர் டிரிங்கோமலி, நம் ஊர்ப் பெயர்தான். அது இன்றும் இங்கிலாந்தின் ஹாட்டில்பூல் துறையில் மிதந்துகொண்டிருக்கிறது.

இனி இரண்டாவது ஆள். 1917 டிசம்பர் 16, இங்கிலாந்தின் மைன்ஹெட் என்ற கடற்கரை ஊரில் ஆர்தர் சி. கிளார்க் பிறந்தார். அறிவியல் புனைகதை எழுதியவர் என்று எல்லோருக்கும் தெரியும். 1945இல், செயற்கைக்கோள் எதுவும் மேலே போகாத காலத்தில், பூமத்திய ரேகைக்கு நேர் மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோளை நிறுத்தினால் அது பூமியோடு சேர்ந்தே சுற்றும், ஒரே இடத்தில் நிற்பதுபோல இருக்கும், அப்படி மூன்றைக் கொண்டு உலகம் முழுவதும் ஒலிபரப்பலாம் என்று எழுதியவரும் அவர்தான். உங்கள் வீட்டுக் கூரையில் டிஷ் அன்டனா எப்போதும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறதே, அதன் காரணம் இந்தக் கணக்குத்தான்.

விண்வெளிக்குப் போக ஆசைப்பட்டவர் கடலுக்குள் இறங்கினார். காரணம் எளிது. நீருக்கடியில் உடம்புக்குப் பாரம் தெரியாது. விண்வெளியில் மிதப்பதற்குக் கிட்டவான அனுபவம் அதுதான். அந்த ஆசை அவரை 1956இல் இலங்கைக்குக் கொண்டுவந்து, கடைசிவரை இங்கேயே வைத்துவிட்டது. அவரும் நண்பர் மைக் வில்சனும் அதே ஆண்டு நம் சுவாமி மலைக்குக் கீழே கடலில் மூழ்கிப் பார்த்தார்கள். அங்கே பாறைகளுக்கு இடையில் செதுக்கிய தூண்களும் கோயில் கற்களும் கிடந்தன.

அந்தக் கற்கள் அங்கே எப்படிப் போயின என்பதை இந்த ஊரில் யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. சம்பந்தர் பாடிய கோணமாமலைக் கோயிலைப் பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசர் இடித்தார்கள். இடித்த கல்லில் கோட்டை கட்டினார்கள். மற்றக் கற்கள் கடலுக்குள் கிடந்தன. முந்நூறு ஆண்டுக்கு மேலாக நம் ஆட்கள் மலை உச்சியில் நின்று அந்தக் கடலைப் பார்த்தே பூவும் தேங்காயும் போட்டு வழிபட்டு வந்தார்கள். கோயில் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் எங்கே இருந்தது என்பதை மறக்கவில்லை. 1950இல் கிணறு வெட்டும்போது சோமாஸ்கந்தர் முதலான பழைய விக்கிரகங்கள் மண்ணுக்குள்ளிருந்து வெளியே வந்தன. ஆறு வருடத்தில் கடலுக்குள் கற்கள் கண்ணில் பட்டன. 1963இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. இந்த வரிசையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மயிர்க்கூச்செறியும். அந்த வரிசையின் நடுவில் டிசம்பர் 16இல் பிறந்த ஒரு மனிதர் நிற்கிறார்.

இன்று போய் யாரும் அங்கே மூழ்க முயல வேண்டாம். வாடைக்காலத்தில் அந்தக் கடல் யாரையும் உள்ளே விடாது. சுழியோடுகிறவர்கள் சித்திரை கழிந்து கடல் படிந்த பிறகுதான் இறங்குவார்கள்.

கிளார்க் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் நான் இந்தப் பேச்சை ஒப்புக்கொண்டேன். 2007 டிசம்பரில், 90 வயது நிறைந்தபோது, சக்கர நாற்காலியில் இருந்தபடி ஒரு காணொளியில் பேசினார். மூன்று ஆசைகளைச் சொன்னார். பூமிக்கு வெளியே உயிர் இருப்பதற்குச் சான்று கிடைக்க வேண்டும். உலகம் எண்ணெயை விட்டுச் சுத்தமான சக்திக்கு மாற வேண்டும். மூன்றாவது, இலங்கையில் நிலையான சமாதானம் வர வேண்டும். ஐம்பது ஆண்டு இங்கே வாழ்ந்ததில் பாதிக் காலம் இந்த யுத்தத்தைத் துயரத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன் என்றும், ஆசைப்பட்டால் மட்டும் சமாதானம் வந்துவிடாது, உழைப்பும் துணிவும் விடாமுயற்சியும் வேண்டும் என்றும் சொன்னார். மூன்று மாதம் கழித்து, 2008 மார்ச் 19இல் கொழும்பில் இறந்தார். விண்வெளியைப் பற்றிய ஆசைக்குப் பக்கத்தில், அதே வரியில், நம் ஆசையை அவர் வைத்தார். அதை நான் மறக்கமாட்டேன்.

பட்டியலில் வேறும் இருக்கின்றன. 1773இல் பொஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். அது சீனத் தேயிலை. நம் மலைநாட்டில் தேயிலைத் தோட்டம் வந்தது 1867இல். 1971இல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்து வங்கதேசம் பிறந்தது. அந்தக் கதையின் வேர் 1952இல், தாய்மொழிக்காகத் தெருவில் இறங்கி உயிர்விட்ட மாணவர்களிடம் இருக்கிறது. நாம் காலையில் பார்க்கிற அதே வங்கக் கடலின் மறுகரைதான் அது. 2012இல் டில்லியில் ஓடும் பஸ்ஸில் ஒரு இளம்பெண்ணுக்கு நடந்ததும், 2014இல் பெஷாவர் பள்ளியில் 130க்கு மேற்பட்ட பிள்ளைகளைச் சுட்டுக்கொன்றதும் இதே நாளில்தான். முன்வரிசையில் இருக்கிற உங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டு இதை விரித்துப் பேச என்னால் முடியவில்லை.

ஏனென்றால் நம் ஊருக்கும் அப்படி நாள்கள் உண்டு. 2006 ஜனவரி 2 என்று சொன்னாலே போதும். கடற்கரையில் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களும் பெரியவர்கள் பலருடைய கண்முன் வந்து நிற்பார்கள். சுனாமி வந்த டிசம்பர் 26க்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை ஏழரை மணி அளவில் ஜப்பானிய விமானங்கள் சீனன்குடாவிலும் துறைமுகத்திலும் குண்டு போட்டன. முதல் நாள் இரவு இங்கிருந்து புறப்பட்டுப் போன ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல், அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் முந்நூறுக்கு மேற்பட்டவர்களோடு மூழ்கியது. இவற்றை எந்தப் பட்டியலில் யார் எழுதிவைப்பார்?

அந்த மாணவியின் கேள்விக்குப் பிறகு ஒரு தடித்த கொப்பி வாங்கி, 366 பக்கத்துக்கும் திகதி போட்டேன். ஒக்டோபர் 7, ஏப்ரல் 9, ஜனவரி 2 எல்லாம் எழுதியாகிவிட்டது. ஆனால் பெரும்பாலான பக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது. உங்கள் அப்பப்பா டொக்யாட்டில் வேலைக்குச் சேர்ந்த நாள், உங்கள் கிராமத்துக்கு முதல் பஸ் வந்த நாள், இடம்பெயர்ந்து போன நாள், திரும்பி வந்து கதவைத் திறந்த நாள், எதுவானாலும் சரி. கொப்பி வாசலில் தேநீர் வைத்திருக்கிற மேசையில் இருக்கிறது. பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறேன். திகதி சரியாகத் தெரியாதவர்கள் தமிழ் மாதத்தையும் நட்சத்திரத்தையும் எழுதுங்கள். பழைய பஞ்சாங்கம் என்னிடம் இருக்கிறது, நாள் பார்த்துக்கொள்ளலாம்.