கூடுதல் பாட்டும் குறைந்த பாட்டும்: ஓர் ஆண்டுவிழாப் பதிப்பை எடைபோடுதல்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு திரைப்படத்தின் பாட்டுத் தட்டு 25ஆம் ஆண்டு, 40ஆம் ஆண்டு, 50ஆம் ஆண்டு என்று திரும்பவும் கடைக்கு வரும்போது, அதன் உறையில் ‘விரிவான பதிப்பு’ என்ற சொல் தவறாமல் அச்சாகியிருக்கும். எத்தனை பாட்டு கூடியிருக்கிறது என்பதை உறை சொல்லிவிடும். கூடியது ஏன் முதலில் இல்லாமல் போனது, இப்போது எந்த இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்பதை நாம்தான் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். அப்படிக் கேட்பதற்கு வாகான ஒரு படத்தை இன்று எடுத்துக்கொள்கிறேன். 1975இல் வெளிவந்து, முதலில் தோற்று, பிறகு நள்ளிரவுக் காட்சிகளால் பிழைத்துக்கொண்ட ‘தி ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ’ என்னும் ஆங்கில இசைப்படம் அது.

கதை பெரிதல்ல. நிச்சயம் செய்துகொண்ட ஓர் இளம் ஜோடியின் கார் மழை இரவில் பழுதாகிறது. தொலைபேசி தேடி ஒரு கோட்டைக்குள் நுழைகிறார்கள். அங்கே பெண்ணுடை தரித்த விஞ்ஞானி ஒருவர் செயற்கை மனிதன் ஒருவனுக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருக்கிறார். பழைய திகில் படங்களையும் ஐம்பதுகளின் ராக் அண்ட் ரோல் பாட்டுகளையும் கேலியும் பாசமுமாகக் கலந்து ரிச்சர்ட் ஓ’பிரையன் எழுதியது இது. 1973 ஜூன் மாதம் லண்டன் ராயல் கோர்ட் அரங்கத்தின் மாடியில், அறுபது பேர் அளவில் மட்டுமே உட்காரக்கூடிய சின்னஞ்சிறு கூடத்தில், மேடை நாடகமாகத் தொடங்கியது. ஜிம் ஷர்மன் அதைப் படமாக்கினார். இசை ஒழுங்கமைப்பு ரிச்சர்ட் ஹார்ட்லி. படம் வெளியான காலத்தில் கூட்டம் சேரவில்லை. 1976 ஏப்ரலில் நியூயார்க்கின் வேவர்லி திரையரங்கில் நள்ளிரவுக் காட்சியாகப் போட்ட பிறகுதான், வந்தவர்களே திரும்பத் திரும்ப வரத் தொடங்கினார்கள். மியூனிக் நகரத்தின் ஒரு திரையரங்கில் 1977இலிருந்து இன்றுவரை அது ஓடிக்கொண்டே இருக்கிறது.

அந்த 1975ஆம் ஆண்டின் எல்.பி. தட்டை, அதாவது இரு பக்கமும் பாட்டுள்ள பெரிய இசைத்தட்டை, நான் முதலில் கேட்டது ஒரு நண்பரின் வீட்டில். படத்தைப் பிறகுதான் பார்த்தேன். பார்த்தபோது, தட்டில் கேளாத இரண்டு பாட்டுகள் படத்தில் வந்தன; அன்றைக்குத்தான் அந்தத் தட்டில் எங்கோ ஒரு படி விட்டுப்போயிருக்கிறது என்று எனக்கு இருந்த குறுகுறுப்புக்குக் காரணம் தெரிந்தது. அந்தப் படியைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம்.

முதல் பக்கத்தில் விஞ்ஞானி ஃபிராங்க் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் பாட்டு வருகிறது. ஃபிராங்க்காக நடித்த டிம் கரியின் குரல் கொஞ்சியும் மிரட்டியும் எல்லாரையும் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துவிட்டு நிற்கிறது. அடுத்த பாட்டில் அவர் தான் படைத்தவனின் உடற்கட்டைப் புகழ்ந்து தள்ளுகிறார். படத்தில் இந்த இரண்டுக்கும் நடுவில், தொட்டியிலிருந்து எழுந்த அந்தப் படைப்பு, ராக்கி, தானே ஒரு பாட்டுப் பாடுகிறது. பழைய கிரேக்கக் கதையில் டாமகிளீஸின் தலைக்கு மேல் தொங்கிய வாளைப் போலத் தன் தலைக்கு மேலும் ஏதோ தொங்குகிறது என்று, பிறந்த கையோடு அது அஞ்சி அலறுகிறது; சுற்றி நிற்பவர்கள் அதையெல்லாம் பொருட்படுத்தாமல் கூட்டமாகத் தாளம் போட்டுச் சமாதானம் சொல்கிறார்கள். எல்.பி. தட்டில் இந்தப் பாட்டு இல்லை. ஆகவே தட்டைக் கேட்பவருக்கு, படைத்தவன் பீற்றிக்கொள்வது மட்டும் கேட்கிறது. படைக்கப்பட்டவனின் குரல் இரண்டாம் பக்கத்தின் பிற்பகுதிவரை கேட்பதேயில்லை. பிள்ளை பிறந்த வீட்டில் பிள்ளையின் அழுகையை மட்டும் அடக்கிவிட்டதுபோல இருக்கிறது.

விடுபட்ட இன்னொரு பாட்டு, ஃபிராங்க் அந்த ஜோடியில் பெண்ணான ஜேனட்டைத் துரத்திக்கொண்டு போய் எல்லாரையும் சிலையாக்கிவிடும் இடத்தில் வருவது. அதுவும் இல்லாததால், அடுத்து வரும் மேடைக் காட்சிப் பாட்டில் இவர்கள் எல்லாம் ஏன் ஒருவர்பின் ஒருவராக உயிர் பெற்றெழுந்து பாடுகிறார்கள் என்பது தட்டில் விளங்காது.

விடுபட்டவற்றில் முதலாவதான ராக்கியின் பாட்டைப் பாடியவர் யார் என்பது நம் நேயர்களுக்குச் சுவையாக இருக்கும். திரையில் ராக்கியாக நிற்பவர் பீட்டர் ஹின்வுட். குரல் டிரெவர் ஒயிட் என்பவருடையது. பின்னணிப் பாடகர் என்ற ஏற்பாடு நமக்குப் பழகிப்போனது. பாடியவர் பெயரைத் தட்டில் தேடிப் படிப்பது நம் வழக்கம். படத்தின் பெயர்ப்பட்டியலிலோ டிரெவர் ஒயிட்டின் பெயர் இல்லை. படத்தின் தொடக்கத்தில் கருந்திரையில் தெரியும் சிவந்த உதடுகளும் அப்படியே: அசைவன நடிகை பட்ரீஷியா க்வின்னின் உதடுகள், பாடுவது ஓ’பிரையன். மேடையில் அந்தப் பாட்டைப் பாடியவர் க்வின். படத்தில் அவருக்கு வாயசைப்பு மட்டுமே மிஞ்சியது. விரிவான பதிப்பு என்று பெயர் வைத்துக்கொள்ளும் ஒரு வெளியீட்டில், வண்ணப் படங்களுக்கு முன்னால் நான் தேடுவது இந்தப் பெயர்களைத்தான். யார் பாடினார், யார் வாசித்தார் என்று ஒரு பக்கம் இல்லையென்றால், எத்தனை பாட்டு கூடியிருந்தாலும் எனக்கு அது அரைகுறைப் பதிப்பே.

இனி எதிர்ப்பக்கம். எல்.பி. தட்டு படத்தைவிடக் குறைந்தது என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் நியாயமாகாது. ‘சூப்பர் ஹீரோஸ்’ என்று இறுதியில் வரும் ஒரு சிறு சோகப் பாட்டு உண்டு. கோட்டை பறந்துபோன பிறகு, புழுதியில் தவழும் ஜோடி பாடுவது. அமெரிக்காவில் வெளியான படச்சுருள்களில் அது வெட்டப்பட்டுவிட்டது. ஆனால் தட்டில் இருந்தது. அமெரிக்க ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் அந்தப் பாட்டை வீட்டில் கேட்டார்கள், அரங்கில் பார்க்கவில்லை. படம் இழந்ததைத் தட்டு காத்துவைத்தது. தட்டு இழந்ததைப் படம் காத்துவைத்தது. அதனால்தான் பழைய தட்டின் வரிசையைக் கலைத்துவிட்டுப் ‘படத்தில் உள்ளபடி’ என்று புதுவரிசை போடுவதை மட்டும் நான் ஒப்புக்கொள்வதில்லை. படவரிசை ஒரு தட்டிலும் பழைய தட்டின் வரிசை இன்னொரு தட்டிலுமாக இரண்டையும் கொடுப்பதே நேர்மை. இன்றைய குறுந்தட்டில் அதற்கு இடப் பஞ்சம் இல்லை. எல்.பி.யில் ஒரு பக்கத்துக்கு இருபது, இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் அடைத்தால் ஒலி மெலியும். குறுந்தட்டுக்கு எழுபது நிமிடத்துக்கு மேல் தாங்கும்.

விடுபட்ட பாட்டு நடுவில் வர வேண்டும், கடைசியில் ‘கூடுதல்’ என்று தொங்கக்கூடாது என்பது என் கட்சி. இதற்கு ஒரு விலக்கும் உண்டு. படத்தின் நாயகன் பிராட் தனியாகப் பாடுவதாக ஒரு மெதுவான பாட்டு, ‘ஒன்ஸ் இன் எ வைல்’, பதிவாகி, படமாக்கப்பட்டு, பிறகு படத்திலிருந்தே நீக்கப்பட்டது. நல்ல பாட்டுதான். ஆனால் கதை வேகம் பிடிக்கும் இடத்தில் அது வண்டியை நிறுத்திவிடும் என்று நினைத்தவர்கள் தவறாக நினைக்கவில்லை. அதைப் பின்னிணைப்பில் வைப்பதே சரி. டாமகிளீஸ் பாட்டுக்கு உரிய இடம் வேறு, இதற்கு உரிய இடம் வேறு. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிக் கடைசியில் வைத்தால், கேட்பவருக்கு வேறுபாடு தெரியாமல் போய்விடும்.

ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை. படம் திரையரங்குகளில் ஒற்றைத் தட ஒலியில், அதாவது மோனோவில் ஓடியது; தட்டு ஸ்டீரியோவில் வந்தது. ஆகையால் மூல ஒலி என்று ஒன்றைச் சுட்டிக் காட்ட முடியாது. புதுப் பதிப்பைச் சோதிக்க நான் வைத்திருக்கும் வழி எளியது. பழையதையும் புதியதையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்துவிட்டுத் தொடக்கப் பாட்டைக் கேட்பேன். அது பியானோவும் ஒற்றைக் குரலுமாக அடங்கித் தொடங்கி, போகப்போக வாத்தியங்கள் சேர்ந்து பெருகும் பாட்டு. முதல் சரணமும் கடைசிச் சரணமும் ஒரே உயரத்தில் ஒலித்தால், யாரோ எல்லாவற்றையும் கூரைவரை தூக்கி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அடுத்து, டிம் கரி பாடும் ‘ஐம் கோயிங் ஹோம்’ பாட்டின் முடிவைக் கேட்பேன். பழைய நாடாவின் இரைச்சலைத் துடைக்கிறேன் என்று புறப்பட்டவர்கள், குரல் தேய்ந்து மறையும் அந்தக் கடைசி இழையையும் சேர்த்துத் துடைத்துவிடுவதுண்டு. எனக்குக் கொஞ்சம் இரைச்சல் இருந்தால் பரவாயில்லை. குரலின் வால் அறுபடக்கூடாது.

மிச்சம் இருப்பது, பெட்டியை நிரப்புவதற்காகச் சேர்க்கும் சரக்கு. 15ஆம் ஆண்டையொட்டி 1990இல் நான்கு குறுந்தட்டுகள் கொண்ட பெட்டி ஒன்று வந்தது. லாஸ் ஏஞ்சலிஸின் ராக்ஸி அரங்கில் 1974இல் நடந்த மேடைக் காட்சிக் குழுவின் பதிவும் அதில் உண்டு. டிம் கரி அதே பாட்டுகளைப் படத்துக்கு முன்பு எப்படிப் பாடினார் என்று ஒப்பிட்டுக் கேட்க முடிவதால், அது வெறும் நிரப்பல் ஆகாது. 1983இல் தனித்தட்டாக வந்த பார்வையாளர் பதிவையும் நான் இந்த வகையில்தான் வைப்பேன்: திரையில் ஒருவர் வசனம் பேசி முடிக்குமுன் அரங்கம் முழுவதும் மறுமொழி கத்துவது அதில் பதிவாகியிருக்கிறது. திருமணக் காட்சியில் அரிசி எறிவதும், மழைக் காட்சியில் தலைக்கு மேல் செய்தித்தாளைப் பிடித்துக்கொள்வதுமாக இந்தப் படத்தை வாழவைத்தவர்கள் அந்த அரங்கத்தார்தான். அவர்களுடைய கூச்சல் இந்தப் படத்தின் இசைவரலாற்றில் ஒரு பகுதி.

1989ஆம் ஆண்டுக் குறுந்தட்டில் சேர்ந்தவை வேறு ரகம். ‘டைம் வார்ப்’ பாட்டுக்கு அந்தக் கால நடனக்கூட மோஸ்தரில் ஒரு ரீமிக்ஸ். அதே பாட்டுக்குக் குரலை எடுத்துவிட்டு, நாமே பாடிக்கொள்ள ஒரு வாத்தியத் தடம். இரண்டாவதை மன்னித்துவிடலாம், கல்லூரி விழாக்களில் பயன்படும். முதலாவது, 1975இன் தட்டில் 1989ஐக் கொண்டுவந்து ஒட்டிய துண்டு; இன்று கேட்டால் மூலப்பாட்டைவிட அதுதான் பழசாகத் தெரிகிறது. அதைவிட எனக்கு வருத்தம், அது வந்து உட்கார்ந்திருக்கும் இடம். தொடக்கப் பாட்டின் மெட்டே கடைசியில் தளர்ந்து, உதடுகள் மூடிக்கொள்வதுபோல ஓய்கிறது. ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் அந்த ரீமிக்ஸின் மேளம் அதிரத் தொடங்கிவிடுகிறது. என் வீட்டுக் கருவியின் நிறுத்து பொத்தான் அழுத்தி அழுத்தியே எழுத்தழிந்து போயிருக்கிறது. ஓயும் அந்த 14ஆம் பாட்டு முடியும்போது நான் எங்கிருந்தாலும் எழுந்து வந்து அதன் பக்கத்தில் நின்றுகொள்கிறேன்.