கடைவாயில் அடக்கிய புகையிலை

வணக்கம். "பீடி, சிகரெட் எல்லாம் தொடறதே இல்லைங்க, சும்மா கொஞ்சம் புகையிலைதான்." பல் மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் பதில் இது. இந்தச் 'சும்மா'வுக்குள் சுண்ணாம்பு ஒளிந்திருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

புகையிலைத் தூளை உள்ளங்கையில் கொட்டி, சுண்ணாம்பு சேர்த்து, கட்டைவிரலால் அழுத்தித் தேய்ப்பது எதற்கு? கேட்டால் "காரம் ஏறணும்" என்பார்கள். வேதியியலும் அதே சொல்லைத்தான் சொல்கிறது; சுண்ணாம்பு ஒரு காரம். இலையில் நிகோடின் பெரும்பாலும் உப்பாகக் கட்டுண்டு கிடக்கிறது. அப்படி இருக்கும்வரை கன்னத்தின் உள்தோலை எளிதில் கடக்காது. காரம் சேர்ந்ததும் கட்டு அவிழ்கிறது. அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவு 8-ஐத் தொட்டால் ஏறக்குறையப் பாதி நிகோடின் விடுபட்டு, உள்தோல் வழியே நேராக ரத்தத்தில் இறங்கும். விழுங்கினால் இந்த வேகம் கிடையாது. வயிற்று அமிலம் மறுபடி கட்டிப்போடும். குடலில் ஏறுவதில் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடும். கடைவாயில் அடக்கி வைப்பது இதனால்தான்.

சுண்ணாம்பு இன்னொன்றும் செய்கிறது. தொட்ட இடத்தை அரிக்கும். அரித்த தோலில் நிகோடின் மட்டுமா இறங்கும்? புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் 28-க்குக் குறையாமல் இந்தப் புகையிலையில் இருக்கின்றன. முக்கியமானவை நைட்ரோசமின்கள். இலையை உலர்த்தி, புளிக்கவைத்து, இருப்பு வைக்கும்போதே இவை உருவாகிவிடும். கொளுத்தவே வேண்டாம். மறுபடி சொல்கிறேன், கொளுத்தவே வேண்டாம்.

எந்தப் பக்கம் அடக்குகிறீர்களோ, அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் கண்ணாடி வைத்துப் பாருங்கள். கன்னத்தை விரலால் இழுத்து, ஈறு சேரும் பள்ளம்வரை. துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு, அதைவிட ஆபத்தான வெல்வெட் போன்ற சிவப்புத் திட்டு, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண்: எது இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள், ஆரம்பத்தில் வலிக்காது.

பாக்கு கலந்ததைப் போடுகிறவர்கள் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். முன்பு நுழைந்தது இப்போது நுழையவில்லையா? காரம் பட்டால் வாய் எரிகிறதா? (இது மிளகாய்க் காரம்.) கன்னத்துக்குள் நார் கட்டிக்கொண்டிருக்கலாம். கட்டிய நார் தானாகக் கரையாது. பாக்கை நிறுத்தினால்தான் மேற்கொண்டு இறுகுவது குறையும்.

கர்ப்பிணிகளுக்கும் இதய நோயாளிகளுக்கும் உள்ள ஆபத்தைத் தனியாகச் சொல்ல நினைத்தேன், நேரம் சைகை காட்டுகிறது. நிறுத்துகிறவர்களுக்கு மட்டும் ஒன்று. முதல் சில நாள்கள்தான் மிகக் கடினம். ஒவ்வொரு ஏக்கமும் சில நிமிடத்தில் தணியும். மருத்துவர் நிகோடின் கம் (நிகோடின் கலந்த சூயிங்கம்) தந்தால் மிட்டாய்போல் மென்று தள்ளாதீர்கள். நாலைந்து கடி, சுருக்கென்றதும் கன்னத்தோரம் ஒதுக்குங்கள். உணர்வு போனதும் மறுபடி கடி, அரை மணி நேரம். அதற்கு முந்திய 15 நிமிடம் காபியோ பழச்சாறோ வேண்டாம். வாய் அமிலமானால் கம்மிலுள்ள நிகோடின் ஏறாது. சுண்ணாம்புக் கணக்கு அப்படியே தலைகீழ். வணக்கம்.