தாய்லாந்தின் ‘ஹோக்’, சீனத்தின் ‘லுக்’: இரண்டும் ஒரே ஆறா?

வணக்கம் நண்பர்களே! மூன்று முதல் பத்து வரை பாங்காக்கில் எப்படி எண்ணுவார்கள் தெரியுமா? சாம், சீ, ஹா, ஹோக், செட், பேட், காவ், சிப். ஹாங்காங்கில் பேசும் கான்டனீஸில்? சாம், செய், ங், லுக், சட், பாட், கௌ, சப். ஐந்து ஒரு தனிக் கதை, இன்னொரு வீடியோவில் பார்ப்போம். மற்றதெல்லாம் பொருந்துகிறது, ஆறு மட்டும் இடிக்கிறது. ஹோக் எங்கே, லுக் எங்கே?

பின்னணி சுருக்கமாக: தாய்லாந்து மொழி, லாவோ, மியன்மாரின் ஷான், தென்சீனத்தின் ஷுவாங் எல்லாம் தை மொழிக் குடும்பம். இவற்றின் மூதாதை மொழி எப்படி இருந்திருக்கும் என்பதை மொழியியலாளர் லி ஃபாங்-குவெய் இன்றைய மொழிகளை ஒப்பிட்டு மீட்டுருவாக்கி 1977இல் நூலாக்கினார்.

சரி, ஆறுக்கு வருவோம். ஷுவாங்கில் அதை ‘ர’ போட்டு எழுதுகிறார்கள். தற்செயல் என்கிறீர்களா? காதுக்குத் தாய்லாந்தில் ‘ஹூ’, ஷுவாங்கில் ‘ரு’. கல்லுக்கு அங்கே ‘ஹின்’, இங்கே ‘ரின்’. இப்படி வரிசையாக விழுந்தால் அது தற்செயல் இல்லை. ஆதியில் இரண்டு மெய்கள் ஒட்டி நின்றிருக்கின்றன. ஓரிடத்தில் முன்னது தேய்ந்து ‘ஹ’ ஆனது, இன்னோரிடத்தில் பின்னது மட்டும் மிஞ்சியது. 2009இல் மொழியியலாளர் பித்தயவத் பித்தயபோன் தை மொழிகளின் ஆறுக்கு முன்வைத்த ஆதி வடிவம் ‘க்ரோக்’. 2014இல் மொழியியலாளர்கள் பாக்ஸ்டரும் சகாரும் பழஞ்சீனத்து ஆறுக்குக் கொடுத்தது ‘க-ருக்’! முன்னிருந்த ‘க’ உதிர்ந்து, ‘ர’ ‘ல’ ஆனால் ‘லுக்’. சீனத்துக்கு உறவான பர்மிய மொழியில் இன்றும் ஆறை எழுதும்போது ‘க்ர’ கூட்டு இருக்கிறது, பேச்சில்தான் ‘ச்சௌக்’. எனக்குப் புல்லரித்த இடம் இதுதான். வாயிலிருந்து போன ஒலி எழுத்தில் உட்கார்ந்திருக்கிறது!

தாய்லாந்து எழுத்தும் அப்படித்தான். அது கம்போடியாவின் கெமர் எழுத்து வழியாகப் பல்லவ எழுத்திலிருந்து வந்தது. அப்பாவுக்கு பாங்காக்கில் மூச்சை அழுத்தி ‘ப்ஹோ’, வடக்கே சியாங் மாயில் மூச்சில்லாமல் ‘போ’. எழுதுவதோ ‘புத்தர்’ என்பதன் முதல் எழுத்தால்; சமஸ்கிருதத்தில் அந்த எழுத்துக்குத் தொண்டை அதிரும் ஒலி. ஆக, ஆதி ஒலி நம் ‘கம்பு’வில் வரும் ‘பு’ மாதிரி அதிர்வுள்ளது.

அப்போ தை மொழிகளும் சீனமும் ஒரே குடும்பமா? லி அப்படித்தான் நினைத்தார். 1942இல் மொழியியலாளர் பால் பெனடிக்ட் அந்த உறவை மறுத்து, தையை மலாய் இருக்கும் ஆஸ்திரோனேசியக் குடும்பத்தோடு இணைத்தார். எண்கள் சந்தையில் கைமாறும் சரக்கு, கடன் வாங்கியவையாக இருக்கலாம். நான் பெனடிக்ட் பக்கம். ஏனென்றால் தாய்லாந்தில் கண் ‘தா’, சாவது ‘தாய்’. மலாயில் ‘மாத்தா’, ‘மாத்தி’. மலேசிய நண்பர்களே, இப்படி வேறு ஜோடிகள் தெரிந்தால் கமெண்டில் போடுங்கள்.