சொந்த வீடு இருந்தால்தான் ஊர் அக்கறை வருமா?

[காட்சி: மழை விட்ட தெரு, அடைத்துக்கொண்ட வடிகால்]

வணக்கம். தெருமுனையில் தண்ணீர் தேங்கி நாலு நாளாகிறது. ஒருவர் புகார் எழுதி, வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்குகிறார். அவர் சொந்த வீட்டுக்காரரா, வாடகைக்கு இருப்பவரா? பலரும் யோசிக்காமல் சொல்லும் பதில், சொந்த வீட்டுக்காரர்.

அது வெறும் நினைப்பு இல்லை. 1999-இல் டெனிஸ் டிபாஸ்குவேல், எட்வர்ட் கிளேசர் என்ற பொருளாதார அறிஞர்கள் அமெரிக்க, ஜெர்மன் கணக்கெடுப்புகளை அலசினார்கள். சங்கத்தில் சேருவது, உள்ளூர் நிர்வாகத்தில் பங்கெடுப்பது போன்றவற்றைப் பார்த்தார்கள். தோட்டம் போடுவதைக்கூட விடவில்லை! அமெரிக்கக் கணக்கில் சொந்த வீட்டுக்காரர்கள்தான் முன்னால் நின்றார்கள்.

ஏன்? தெரு நன்றாக இருந்தால் வீட்டு விலை ஏறும் என்பது ஒரு காரணம். ஆனால் இந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு, அவர்கள் அடிக்கடி இடம் மாறாததால் வந்திருக்கலாம் என்பதற்கும் அதே ஆய்வில் தடயம் இருக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

[காட்சி: வாசலில் முழங்கால் உயர மரக்கன்று]

இந்தக் கன்று நிழல் தர ஐந்தாறு வருடம் ஆகும். அடுத்த வருடம் இங்கே இருப்போமா என்றே தெரியாதவர் எந்தத் தைரியத்தில் தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார்? அவருக்கு அக்கறை இல்லை என்று சொல்வது அநியாயம். வேர் விட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, வாடகைக்காரர்கள் நிறைந்த இடத்தில் பொதுக் காரியம் நடக்காதா? சுவிட்சர்லாந்தில் பாதிக்கும் மேற்பட்டோர் வாடகை வீட்டில்தான் வாழ்கிறார்கள். வருடத்தில் பல முறை மக்களே நேரடியாக வாக்களித்து முடிவெடுக்கும் நாடும் அதுதான்.

அப்புறம், ஈடுபாடு என்றாலே நல்லது என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், புதிய கட்டடங்களுக்கு அனுமதி தரலாமா என்று பேசும் உள்ளூர்த் திட்டக் கூட்டங்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது, பேச எழுந்தவர்களில் சொந்த வீட்டுக்காரர்களின் பங்கு, மக்கள்தொகையில் அவர்களுக்குள்ள பங்கைவிட அதிகமாக இருந்தது. பேசியவர்களில் பெரும்பாலோர் புதிய குடியிருப்புகள் வேண்டாம் என்றார்கள். அங்கே குடிவர வேண்டியவர்களின் குரல் அந்த அறையில் இல்லை.

[காட்சி: அடுக்குமாடிக் குடியிருப்பின் அறிவிப்புப் பலகை]

ஆறு வருடமாக மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருப்பவருக்குக் குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்கு அழைப்பு வருவதில்லை. போன மாதம் வீடு வாங்கியவருக்கு வருகிறது. உங்கள் குடியிருப்பிலும் இப்படி இருந்தால், அடுத்த கூட்டத்துக்கு அந்த மூன்றாம் மாடிக் கதவையும் தட்டிச் சொல்லுங்கள்.